அஸ்ட்ராட் ரோன்தா லூப்: ஒற்றைப் பாதை மாடல், இதுவரை செய்தது

வேல்ஸில் கார்டிஃபிலிருந்து ட்ரெஹெர்பர்ட் போகும் பள்ளத்தாக்கு ரயிலுக்கு போர்த் தாண்டினால் 2023 வரை ஒற்றைப் பாதைதான். கடைசி நிலையம் வரை சுமார் 11 கி.மீ. இதில் இரண்டு ரயில்கள் விலகிக்கொள்ள அதுவரை இருந்த இரட்டைப் பாதை இடம் (லூப்) ஒன்றே ஒன்று: 1986-இல் புதிதாகத் திறந்த அஸ்ட்ராட் ரோன்தா. 'ரோன்தா'வை ஆங்கில எழுத்தில் பார்த்தால் 'டி' (d) அடுத்தடுத்து இரண்டு முறை வரும். வெல்ஷ் ஒலியோ நம் 'அது'வில் வரும் மெல்லிய த. 'அஸ்ட்ராட்' என்றால் பள்ளத்தாக்கின் தட்டையான தரை, 'போர்த்' என்றால் வாசல். பெரிய ரோன்தாவும் சின்ன ரோன்தாவும் சேரும் இடம் போர்த்.

மாடலுக்கு எடுத்துக்கொண்ட காலம் 2010-ஐ ஒட்டியது. அரைமணிக்கு ஒரு ரயில், இரண்டு பெட்டி பேசர் அல்லது கிளாஸ் 150 ஸ்ப்ரின்டர் (இரண்டும் டீசல் ரயில் வகைகள்). 2023 ஏப்ரலில் இந்தக் கிளையை மூடி, 2024 பிப்ரவரியில் திறந்தபோது பாதை அமைப்பே மாறிவிட்டது. மேலே மின்கம்பி, டிராம்-ரயில் எல்லாம் இன்னொரு மாடலுக்கான வேலை.

11 கி.மீ.யை 1:76 அளவில் போட்டால் 145 மீட்டர் வேண்டும். அதனால் கடைசி நிலையத்தைக் கட்டும் ஆசையை விட்டுவிட்டு லூப்பை மட்டும் எடுத்தாயிற்று. 1200 × 400 மி.மீ. பலகை மூன்று, இரு முனையிலும் 750 மி.மீ. மேசை ஒவ்வொன்று. ஒரு முனை 'போர்த்', மறு முனை 'ட்ரெஹெர்பர்ட்'. அங்கே நிலையம் எதுவும் இல்லை. 9 மி.மீ. பிளைவுட் மேல் 25 × 25 மி.மீ. அலுமினிய ஆங்கிள் இரண்டைத் தண்டவாளமாகத் திருகிய 650 மி.மீ. தட்டுகள் மட்டும். ரயில் தட்டில் ஏறியதும் தட்டையே தூக்கித் திருப்பி வைக்கலாம். இரண்டு பெட்டி ஸ்ப்ரின்டர் கிட்டத்தட்ட 526 மி.மீ. வருவதால் 650 போதும். பேசருக்கு 410 சொச்சம்தான்.

<b>பாதை</b>

பெக்கோ நிறுவனத்தின் கோட் 75 தண்டவாளம், பெரிய ஆரப் பாயின்ட் (பாதை இரண்டாகப் பிரியும் துண்டு; 1524 மி.மீ. ஆரம், நீளம் 258 மி.மீ.). போர்த் முனைக்கு இடக்கைப் பாயின்ட் ஒன்று, ட்ரெஹெர்பர்ட் முனைக்கு வலக்கை ஒன்று. இரண்டையும் இடக்கையாக வாங்கினாலும் லூப் அமையும், ஆனால் வெளியேறும் பாதை ஒரு தண்டவாள இடைவெளி, அதாவது 50 மி.மீ., பக்கவாட்டில் தள்ளிப்போகும். 400 மி.மீ. அகலப் பலகையில் அது மலைக்கு ஒதுக்கிய இடத்தைத் தின்றுவிடும்.

லூப்பின் மொத்த நீளம் 2300 மி.மீ. பாயின்ட் நுனியிலிருந்து இரு பாதைகளும் இணையாகும் வரை முனைக்கு 450 போனால், நிற்க மிஞ்சுவது 1400. நான்கு பெட்டி ஸ்ப்ரின்டருக்கு 1052 போதும் என்பதால் பிளாட்பாரம் 1100 மி.மீ.

பலகை மூட்டில்தான் முதல் தொல்லை. ஸ்ப்ரின்டர் சத்தமில்லாமல் தாண்டிய இடத்தில் பேசர் தடம் புரண்டது. காரணம் எளிது: பேசரில் போகி (பெட்டிக்கு அடியில் தனியே திரும்பும் சக்கரச் சட்டம்) கிடையாது. பெட்டிக்கு இரண்டே அச்சு, நடுவே நிஜத்தில் 9 மீட்டர், மாடலில் 118 மி.மீ. நான்கு சக்கரமும் ஒரே தளத்தில் இருந்தாக வேண்டும். தண்டவாளம் ஒரு பக்கம் 0.3 மி.மீ. தாழ்ந்தாலே ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும். (நிஜப் பேசரும் வளைவில் கீச்சிட்டே பெயர் வாங்கியது.) தீர்வு: மூட்டின் இரு பக்கமும் செம்புப் பூச்சுள்ள ஸ்லீப்பர் இரண்டிரண்டு ஒட்டி, பலகைகளைப் போல்ட் போட்டு இறுக்கிய பிறகு தண்டவாளத்தை ஒரே துண்டாக வைத்து சால்டர் செய்து, கடைசியில்தான் ரம்பத்தால் அறுக்க வேண்டும். முதலில் அறுத்துவிட்டுப் பிறகு சேர்த்தால் ஒருநாளும் ஒத்துவராது. சக்கரங்களின் உள்ளிடைவெளியும் 14.5 மி.மீ. இருக்கிறதா என்று பார்த்துவிடவும்.

<b>மோட்டார் இல்லாத பாயின்ட்</b>

பிரிட்டனில் இடப்பக்க ஓட்டம். மேலே போகும் ரயில் எப்போதும் 1-ஆம் பிளாட்பாரம், கீழே வரும் ரயில் எப்போதும் 2. எனவே பாயின்டை நகர்த்த மோட்டார் தேவையில்லை. எதிர்கொள்ளும் ரயிலுக்கு இடப்பக்கமே திறந்திருக்கும்படி ஸ்பிரிங் வைத்தால் போதும், பின்னாலிருந்து வெளியேறும் ரயில் நாக்குத் தண்டவாளத்தை (பாயின்டின் அசையும் பகுதி) தானே தள்ளிக்கொண்டு போகும்.

பெக்கோவில் ஏற்கெனவே உள்ள டக்கென்று மாறும் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, பலகைக்கு அடியிலிருந்து 70 மி.மீ. பியானோ கம்பி கொடுத்தோம். 0.5 மி.மீ. கம்பி அதிக விறைப்பு: பேசரின் முதல் சக்கரம் நாக்கைத் தள்ளாமல் அதன் மேலேயே ஏறியது. 0.3 மி.மீ. நன்றாகத் தள்ளுப்பட்டது, ஆனால் ஜல்லி ஒட்டிய பிறகு நாக்கு முழுதாகத் திரும்பவில்லை, அரை மி.மீ. இடைவெளி மிச்சம், அடுத்து வந்த ரயிலின் சக்கரம் அதற்குள் நுழைந்தது. 0.4 மி.மீ. சரியாக வந்தது. ஜல்லி போடும் முன் நாக்கு அசையும் கட்டைக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் பசை பிடிக்காது. ஜல்லிக்கான பசை: பிவிஏ பசை ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. பாயின்ட் அருகில் மட்டும் சொட்டுமருந்துக் குழாயால் விடவும், தெளிக்க வேண்டாம்.

ஸ்பிரிங் பாயின்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பாதி வெளியேறிய ரயிலைப் பின்னால் நகர்த்தக் கூடாது. முன் பெட்டி ஒரு பாதையிலும் பின் பெட்டி இன்னொன்றிலும் போய்விடும்.

<b>மூக்குக்கு இரண்டு டயோடு</b>

இந்த வேலையில் மிக இனிப்பான பகுதி இதுதான். இரு பாதையும் வெட்டிக்கொள்ளும் மூக்கு உலோகம். ரயில் எந்தப் பாதையில் போகிறதோ அதற்கேற்ப அதன் மின்முனை மாற வேண்டும். வழக்கமாக மோட்டாரோடு சேர்ந்த சுவிட்ச் இதைச் செய்யும். இங்கே மோட்டாரே இல்லை.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் மாற்றவே வேண்டியதில்லை. சாதாரண டிசி ஓட்டத்தில், போகும் திசையில் வலப்பக்கத் தண்டவாளம் நேர்முனை. இடப்பாதைக்குள் நுழையும் ரயிலுக்கு மூக்கு வலப்பக்கத் தண்டவாளம்: நேர்முனை. வலப்பாதையிலிருந்து எதிர்த்திசையில் வெளியேறும் ரயிலுக்கும் அதே மூக்கு அதன் வலப்பக்கம்: மீண்டும் நேர்முனை. ரயில்கள் ஒழுங்காக இடப்பக்கம் ஓடும் வரை மூக்கு எப்போதும் நேர்முனைதான். எனவே வெளித் தண்டவாளம் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு 1என்5401 டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் உறுப்பு), இரண்டின் கோடு போட்ட முனையும் மூக்கில். முனைக்கு இரண்டு, மொத்தம் நான்கு டயோடு.

மூக்கிலிருந்து வெளியேறும் இரு தண்டவாளத்திலும் பிளாஸ்டிக் இணைப்பு கட்டாயம். நாக்கு இரண்டையும் பக்கத்துத் தண்டவாளத்தோடு கம்பியால் இணைத்துவிடவும். தொடுதலை நம்பினால் பெயின்ட் அடித்த மறுநாளே மின்சாரம் போகாது. டயோடில் 0.7 வோல்ட் இழப்பு இருப்பதால் மிக மெதுவாக ஓட்டும்போது சின்னத் தயக்கம் தெரியும். 1-ஆம் பிளாட்பாரத்தில் நிற்கும் ரயிலை வந்த வழியே திருப்பி அனுப்பினால் உடனே ஷார்ட். அது தவறான ஓட்டம் என்று மின்சாரமே சொல்லிவிடுகிறது, அதைச் சரிசெய்ய முயலவில்லை.

<b>டோக்கன்</b>

போர்த்துக்கு அப்பால் அந்தக் காலத்தில் நிஜத்தில் டோக்கன் முறை இருந்தது: ஒற்றைப் பாதையின் ஒரு பகுதிக்குள் நுழைய அதற்கான டோக்கன் டிரைவர் கையில் இருக்க வேண்டும். அஸ்ட்ராட் ரோன்தாவில் சிக்னல்காரர் இருக்கவில்லை. டிரைவரே இறங்கி ஒரு பகுதியின் டோக்கனைக் கருவியில் வைத்துவிட்டு அடுத்த பகுதிக்கானதை எடுப்பார். நம்மூரில் பிரம்பு வளையத்தில் தோல் பையைக் கட்டி நீட்டுவார்களே, அந்தப் பைக்குள் இருந்த நீல் டோக்கன் பந்தின் ஒன்றுவிட்ட சகோதரன் இது. வேர் ஒன்றுதான்: 1874-இல் இங்கிலாந்தின் தார்ப்பில் ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதிய பிறகு, எட்வர்ட் டையர் 1878-இல் மின் டேப்லெட் கருவிக்குக் காப்புரிமை பெற்றார்.

மாடலில் டோக்கன் என்பது 6.35 மி.மீ. ஸ்டீரியோ ஜாக். பகுதிக்கு ஒன்று, மொத்தம் இரண்டே. 'போர்த்' ஜாக்கில் நுனியும் அடியும் இணைப்பு, 'ட்ரெஹெர்பர்ட்' ஜாக்கில் வளையமும் அடியும். கைக் கன்ட்ரோலர் இரண்டு, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சாக்கெட். சாக்கெட்டின் அடிக்கு 12 வோல்ட், நுனியிலிருந்து ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), வளையத்திலிருந்து இன்னொரு ரிலே. ஆக இரட்டைத் தொடுப்பு ரிலே நான்கு, சுருளுக்குக் குறுக்கே 1என்4007 நான்கு. எந்த ஜாக் செருகியிருக்கிறதோ அந்தப் பகுதி அந்தக் கன்ட்ரோலருக்கு. பிளாட்பாரத்துக்கு ஒன்றாக, நடு நிலையில் அணைந்திருக்கும் இரட்டைச் சுவிட்ச். கன்ட்ரோலர்கள் இரண்டுக்கும் தனித்தனி மின்வழங்கி வேண்டும். பொது எர்த் இருந்தால் டயோடு வழியாகவே ஒன்றுக்குள் ஒன்று பாயும்.

மோனோ ஜாக் மலிவு என்று வாங்கிவிட வேண்டாம். ஸ்டீரியோ சாக்கெட்டில் அது வளையத்தையும் அடியையும் தானாகவே சேர்த்துவிடும், கையில் இல்லாத டோக்கனுக்கும் பாதை திறந்துவிடும். செருகும் நொடியில் ரிலே ஒருமுறை 'டிக்' அடிப்பது சகஜம். வேகத் திருகு சுழியத்தில் இருக்கட்டும்.

ஓட்டிப் பார்த்தால் லூப்பின் குணம் உடனே புரிகிறது. கடிகாரம் ஆறு மடங்கு வேகம், அரைமணி என்பது ஐந்து நிமிடம். 40 கி.மீ. வேகம் என்றால் மாடலில் நொடிக்கு 146 மி.மீ., மூன்று பலகையைக் கடக்க 25 நொடி. மேலே போகும் ரயில் 1-இல் நிற்கும், கீழே வரும் ரயில் 2-இல் நிற்கும், 'கிராசிங்' முடிந்து ஜாக்குகள் கைமாறும். முழு ரயிலும் பிளாட்பாரத்துக்குள் வராமல் ஜாக்கைப் பிடுங்கினால் வால் பெட்டி இறந்த பாதையில் மாட்டிக்கொள்ளும்.

மேலே போகும் ரயிலை ஒரு நிமிடம் (நிஜத்தில் ஆறு) தாமதமாக விட்டால், கீழே வரும் ரயிலும் அதே ஆறு நிமிடம் காத்திருக்கிறது. நிஜத்தில் அது அங்கே முடியாது. அந்த ரயில் பொன்டிபிரீதில் மெர்தர், அபர்டேர் ரயில்களோடு ஒரே பாதையில் சேர வேண்டும். தன் இடத்தைத் தவறவிட்டால் மற்ற இரண்டு பள்ளத்தாக்குகளின் ரயிலும் பின்தள்ளும். ஒரு ரயிலை ரத்து செய்து பார்த்தோம்: 'போர்த்' ஜாக் அஸ்ட்ராட்டிலேயே தங்கிவிட்டது, அடுத்த ரயிலுக்கு டோக்கன் இல்லை, கையால் கொண்டுபோக வேண்டியதாயிற்று. இரு முனையிலும் பல டோக்கன்களை வைத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் வெளியே விடும் நிஜக் கருவி எதற்கு என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

<b>மலை</b>

பின்னால் 50 மி.மீ. தெர்மாகோல் ஏழு அடுக்கு, 350 மி.மீ. உயரம். 250-இல் நிறுத்தியபோது பள்ளத்தாக்காகவே தெரியவில்லை, ஏதோ வயல்வரப்பு போல இருந்தது. வானம் பின்னணி அட்டையின் மேல் விளிம்பில் மட்டும் எட்டிப் பார்க்க வேண்டும்.

வரிசை வீடுகள் சரிவின் குறுக்கே, ரயிலுக்கு இணையாக. வீட்டுக்கு 62 மி.மீ. அகலம், 28 மி.மீ. ஆழம், மேல் வரிசையை 1:148 அளவில் செய்தால் தூரம் கூடும். சுவர் பென்னன்ட் மணற்கல்லின் சாம்பல் பழுப்பு, ஜன்னலைச் சுற்றி மஞ்சள் அல்லது சிவப்புச் செங்கல். கூரைக்கு 120 கிராம் தாளைக் கீற்றாக வெட்டி, 3.3 மி.மீ.க்கு ஒரு வெட்டு, 2.8 மி.மீ. தெரியும்படி ஒன்றன்மேல் ஒன்று. அடுத்த வரிசை பாதி தள்ளி. ஸ்லேட்டுக்குக் கறுப்பு அடிக்காதீர்கள், நீலச் சாம்பல் அடித்து மேலே லேசான பளபளப்பு வார்னிஷ் கொடுங்கள். அங்கே கூரை காய்ந்திருக்கும் நாள் குறைவு.

முதல் பலகையில் 14 வீடு முடிந்தது. இரண்டாவதில் பிளாட்பாரமும் பெயர்ப்பலகையும் ஆயிற்று; வழிகாட்டிப் பலகைகளில் வெல்ஷ் மேலே, ஆங்கிலம் கீழே. மூன்றாவது இன்னும் வெறும் தெர்மாகோல். அதில் ஆற்றுக்கு 12 மி.மீ. ஆழத்தில் பள்ளம் மட்டும் வெட்டியிருக்கிறது.