இரண்டு தடவை கூப்பிட்ட குரல்

என் மகனுக்கு 4 வயதில் இதயத்தில் ஆபரேஷன். தியேட்டர் வாசலில் முழங்கால் போட்டு அத்தை பொருத்தனை பண்ணினார்கள்: "பிள்ளை பிழைத்தால் கல்வாரியில் கொண்டுவந்து நிறுத்துகிறோம், ஆண்டவரே." எருசலேமில் இயேசு சிலுவையில் அறையப்பட்ட இடம்தான் கல்வாரி. இன்று அத்தை இல்லை. அவனுக்கு 12 வயது. போன மாதம்தான் அதைச் செலுத்தக் கர்த்தர் கிருபை செய்தார்.

ஒலிவமலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஒட்டகக்காரர்களும் சிலுவை விற்பவர்களும் சூழ்ந்துகொண்டார்கள். "ஒன் டாலர், ஒன் டாலர்" என்று பின்னாலேயே வந்தார்கள். ஒரு நிமிடம் கண்ணை மூடி ஜெபிக்க விடவில்லை. எதிரே பொன் குவிமாடம். அது நிற்பது சாலொமோன் ஆலயம் கட்டிய மோரியா மலை. தேவன் சொன்னபடி தன் மகன் ஈசாக்கைப் பலியிட ஆபிரகாம் அவனைக் கூட்டிக்கொண்டு மூன்று நாள் பயணம் செய்து வந்த இடம்.

அதைச் சொல்லும் ஆதியாகமம் 22-ஐ வைத்து எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எல்லாமே கீழ்ப்படிதலைப் பற்றித்தான், நானும் ஆமென் சொல்லியிருக்கிறேன். ஆனால் பிள்ளை பெற்ற பிறகு அந்த அதிகாரத்தை வாய்விட்டு வாசிக்க முடிந்ததில்லை. அழியவிருந்த சோதோம் பட்டணத்துக்காக ஐம்பதில் தொடங்கிப் பத்து நீதிமான்கள்வரை கர்த்தரிடம் மன்றாடியவர், சொந்தப் பிள்ளைக்காக ஒரு வார்த்தை கேட்கவில்லையே! மனைவி சாராளிடம் சொல்லிவிட்டாவது கிளம்பினாரா? அந்த அதிகாரத்தில் அவள் பெயரே இல்லை. அடுத்த அதிகாரம் அவள் மரணத்தோடு தொடங்குகிறது.

மறுநாள் பஸ் இன்னோம் பள்ளத்தாக்கு ஓரமாகப் போனது. அந்தக் காலத்தில் பிள்ளைகளைப் பலியாகத் தீயில் தகனித்த இடம். அதை நான் கட்டளையிடவும் இல்லை, அது என் மனதில் தோன்றவும் இல்லை என்று எரேமியா தீர்க்கதரிசி மூலம் கர்த்தர் சொன்னது நினைவுக்கு வந்தது. மோரியாவிலிருந்து கூப்பிடு தூரம்தான்.

பரிசுத்த கல்லறை ஆலயத்தில் ஒரே தள்ளுமுள்ளு. வரிசையில் நிற்காமல் நுழைகிறவர்களைக் கேட்க ஆளில்லை. அதற்குள்ளேயே இருக்கும் கல்வாரிக்கு ஏறும் படிகள் செங்குத்து, மகனுக்கு மூச்சு வாங்கியது. மேலே போனால் கத்தோலிக்கர் பீடத்தின் பக்கச் சுவரில் மொசைக் படம்: ஆபிரகாம், ஈசாக்கு.

என்னால் நகர முடியவில்லை. மகனின் சட்டையில் மேல் பொத்தான் கழன்றிருந்தது. நெஞ்சுத் தழும்பின் நுனி தெரிந்தது, வெளிறிப்போய், நூல் மாதிரி. அவன்மேல் கத்தி வைக்க நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அன்று பேனா பிடித்த என் கை எப்படி நடுங்கியது என்று எனக்குத்தான் தெரியும்.

"அம்மா, தேவதூதன் நிறுத்தச் சொன்னது அவர் காதில் விழாமல் போயிருந்தால்?" என்றான்.

முதலில் பதில் வரவில்லை. அப்புறம்தான் அந்த வசனம் வந்தது. பலியிடச் சொன்னபோது "ஆபிரகாமே" என்று ஒரு தடவைதான் தேவன் கூப்பிட்டார். பிள்ளைமேல் கையைப் போடாதே என்று தூதன் தடுக்கும்போது "ஆபிரகாமே, ஆபிரகாமே" என்று இரண்டு தடவை. இரண்டுக்கும் ஆபிரகாம் சொன்ன பதில் ஒன்றே: இதோ, அடியேன். கத்தியை ஓங்கிய பிறகும் அந்தக் குரலுக்குக் காது கொடுத்தாரே, அதுதான் எனக்குப் பெரிய கீழ்ப்படிதலாகத் தெரிகிறது. இத்தனை பிரசங்கத்தில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

"இரண்டு தடவை கூப்பிட்டார்டா, விழாமல் போகுமா" என்றேன். அழுதுவிட்டேன்.

பீடத்தின்முன் அவனை முழங்கால் போடவைத்தேன். என்னென்னவோ ஜெபிக்க வேண்டும் என்று மனதில் வைத்திருந்தேன், எல்லாம் மறந்துபோனது. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று மட்டும்தான் வாய் சொன்னது. அத்தை, கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லித் தோளைத் தட்டினார்கள். அவன் நெஞ்சில் வைத்த கையை நான் எடுக்கவில்லை. உள்ளே படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.