ஹூஸ்டனில் உடம்புக்கு முடியவில்லை என்றால்

எங்கள் பக்கம் வீடு பார்க்க வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு நான் தவறாமல் காட்டுவது, மளிகைக்கடை வளாகத்தில் இருக்கும் இரண்டு போர்டுகள். ஒன்று 'அர்ஜென்ட் கேர்', இன்னொன்று 'எமர்ஜென்சி ரூம்'. இரண்டிலும் கண்ணாடிக் கதவு, பளபள தரை, சிரித்த முகத்தோடு வரவேற்பு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போனால் இரண்டிலும் டாக்டர் பார்ப்பார். வித்தியாசம் பில்லில்தான் தெரியும். முதலாவதில் பெரும்பாலும் சில பத்து டாலர் கோ-பே, அதாவது இன்சூரன்ஸ் போக நம் கையிலிருந்து கட்டும் பங்கு. இரண்டாவதில் பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு உண்டான கட்டணம், ஆயிரக்கணக்கில் போகும். ஆஸ்பத்திரியோடு ஒட்டாத இந்த எமர்ஜென்சிகளுக்கு லைசென்ஸ் கொடுக்க டெக்சஸ் 2009-ல் சட்டம் போட்டது. அப்புறம் தெருவுக்குத் தெரு முளைத்துவிட்டன. 'உங்கள் இன்சூரன்ஸை எடுத்துக்கொள்வோம்' என்று அங்கே சொன்னால் பாதிதான் நம்ப வேண்டும். 'நெட்வொர்க்கில் இருக்கிறீர்களா?', அதாவது என் இன்சூரன்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்தது தபால். வைத்தியம் முடிந்து சில வாரத்தில் இன்சூரன்ஸ்காரர்களிடமிருந்து ஒரு தாள் வரும். தலையைச் சுற்றவைக்கும் தொகை, மேலே 'இது பில் அல்ல' என்று ஒரு வரி. பதறிப்போய்ப் பணம் கட்டிவிடாதீர்கள். நிஜ பில் பின்னாலேயே வரும். வந்ததும் போன் போட்டு, ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனியாக விலை எழுதிய பில்லைக் கேளுங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள். குறைத்துக் கேட்கவும் கூச்சப்படாதீர்கள். ரங்கநாதன் தெருவில் பழகிய வாய்க்கு இதெல்லாம் ஒரு பேரமா?

உலகத்திலேயே பெரிய மருத்துவ வளாகமான டெக்சஸ் மெடிக்கல் சென்டர் இந்த ஊரில்தான் இருக்கிறது. 1941-ல் உருவான எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மருத்துவமனையும் அங்கேதான். ஆனால் அமெரிக்காவில் இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் விகிதம் மிக அதிகமாக இருப்பதும் இதே மாநிலத்தில். ஏழைகளுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிக்கெய்டை விரிவுபடுத்துவது மாநிலங்களின் விருப்பம் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. டெக்சஸ் இன்றுவரை விரிவுபடுத்தவில்லை. குழந்தை இல்லாத, ஊனமும் இல்லாத ஏழைக்கு இங்கே அநேகமாக மெடிக்கெய்டே கிடையாது. இவ்வளவு பணம் புரளும் இடத்தில் இது எனக்கு அநியாயமாகத்தான் படுகிறது.

ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கு விசிட்டர் இன்சூரன்ஸ் எடுக்கும்போது, பழைய சர்க்கரைக்கும் பிரஷருக்கும் எதுவரை கிடைக்கும் என்று பொடி எழுத்தைப் படித்துவிடுங்கள். பல பாலிசிகளில் ஒன்றுமே கிடைக்காது.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்றால் மட்டும் மேலே சொன்ன எதையும் யோசிக்காமல் 911 அடியுங்கள். கையில் காசோ இன்சூரன்ஸோ இல்லாவிட்டாலும், ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் பரிசோதித்து ஆபத்தைத் தணித்தே ஆக வேண்டும். அது 1986 முதல் மத்தியச் சட்டம். பில்லோடு அப்புறம் மல்லுக்கு நிற்கலாம்.