மீதமிருக்கும் ஒரு நகல்

விழித்திரைப் புற்று உள்ள குழந்தைகளின் பெற்றோரில் பலர் எங்கள் பிரிவுக்கு வரும்போது கைபேசியைத்தான் முதலில் நீட்டுவார்கள். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் குழந்தையின் ஒரு கண்மணி சிவப்பாகவும் மற்றொன்று வெள்ளையாகவும் தெரியும். ரெட்டினோபிளாஸ்டோமா என்ற இந்த நோய் ஏறத்தாழ பதினைந்தாயிரம் முதல் இருபதாயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில், பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருவது. மருத்துவர் சிகிச்சையை விளக்கிய பிறகு, இது ஏன் வந்தது, அடுத்த குழந்தைக்கும் வருமா என்ற கேள்விகளோடு அவர்கள் மரபணு ஆலோசகரான என் மேசைக்கு வருவார்கள்.

பயிற்சிக் காலத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த உவமை வாகனம்தான்: செல்லைப் பிரியத் தூண்டும் மரபணு ஆக்ஸிலரேட்டர், பிரிவதைத் தடுக்கும் மரபணு பிரேக். ராஸ் என்ற தூண்டும் மரபணுவில் ஒரேயோர் எழுத்து மாறி, அதன் புரதத்தில் பன்னிரண்டாவது இடத்தில் உள்ள கிளைசின் என்ற அமினோ அமிலம் வேலின் என்ற வேறொன்றாகிவிட்டால், அந்தப் புரதம் அணையாத விளக்கைப் போல ஓயாமல் சைகை கொடுத்துக்கொண்டிருக்கும் என்பது 1982ஆம் ஆண்டு மனிதச் சிறுநீர்ப்பைப் புற்றுச் செல்களில் தெரியவந்தது. இதற்கு ஒரு நகல் கெட்டாலே போதும். விழித்திரைப் புற்றில் பழுதாகும் ஆர்பி1 போன்ற அடக்கும் மரபணுவிலோ, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று வந்த இரண்டு நகல்களும் ஒரே செல்லில் பழுதாக வேண்டும்.

லாரி ஓட்டும் ஒரு தந்தையிடம் இந்த உவமையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் குறுக்கிட்டார். "ஆக்ஸிலேட்டர் மாட்டிக்கிட்டா வண்டி ஓடும், சரி மேடம். பிரேக் போனா நிக்கிற வண்டி நின்னுக்கிட்டுத்தானே இருக்கும்? மேட்டுல இருந்தாத்தானே உருளும்?" பல ஆண்டுகள் அந்த உவமையைச் சொல்லிவந்த எனக்கு அதிலிருந்த ஓட்டை அன்றுதான் தெரிந்தது. குழந்தையின் விழித்திரை, அது உருவாகும் காலத்தில், உண்மையில் மேட்டில்தான் நிற்கிறது. வளர்ந்துகொண்டிருக்கும் அந்தச் செல்களுக்குப் பிரியும் உந்துதல் ஏற்கெனவே உண்டு. அந்த உந்துதலைச் செயல்படுத்தும் இ2எஃப் என்ற புரதத்தை, ஆர்பி1 மரபணு உருவாக்கும் ஆர்பி புரதம் பிடித்துவைத்திருக்கிறது. விழித்திரை முதிர்ந்து சமதளத்துக்கு வந்துவிட்டால் ஆபத்து பெரிதும் குறைந்துவிடுகிறது. இந்த நோய் சிறு வயதோடு பெரும்பாலும் நின்றுவிடுவதன் காரணத்தை அவர் கேள்வியிலிருந்தே அவருக்கு விளக்க முடிந்தது.

இரண்டு நகல் என்ற கணக்கை மரபியலாளர் ஆல்ஃபிரட் நட்சன் 1971இல் முன்வைத்தபோது ஆர்பி1 கையில் கிடைத்திருக்கவில்லை. அது பிரித்தெடுக்கப்பட்டது 1986இல்தான். ஹூஸ்டனில் இருந்த அவர் 48 குழந்தைகளின் பதிவேடுகளை வைத்துக்கொண்டு, எந்த வயதில், ஒரு கண்ணிலா இரண்டிலுமா என்று மட்டும் பார்த்தே இரு கண்களிலும் நோய் வந்தவர்களுக்கு ஒரு பழுது பிறவியிலேயே இருந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். எங்கள் அலமாரியில் தூசி படிந்துகிடக்கும் பழைய கோப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

எனக்குச் சொல்லக் கடினமாக இருப்பது இதற்கு அடுத்த படி. செல்லுக்குள் பார்த்தால் ஒரு நல்ல நகல் போதும். குடும்பத்துக்குள் பார்த்தால் ஒரு கெட்ட நகலே போதும். வளரும் விழித்திரையில் செல்கள் அத்தனை பெருந்திரளாக இருப்பதால், பிறவியிலேயே ஒன்றை இழந்த குழந்தைக்கு அவற்றுள் ஏதோ ஒரு செல்லிலாவது மீதி நகலும் போய்விடுவது ஏறக்குறைய உறுதி. இதை விளக்குவதற்காக, ஒருமுறை குழந்தையின் பாட்டியும் உடனிருக்கையில் குடும்ப வரைபடத்தைப் போட ஆரம்பித்தேன். நான் பேனாவை எடுத்த உடனேயே, "அவ வீட்டுப் பக்கம்தான் இருக்கும்" என்றார் பாட்டி. மருமகள் அதன் பிறகு வாய் திறக்கவில்லை. பிழை என்னுடையது.

பெற்றோர் இருவரின் இரத்தத்திலும் அந்தப் பிறழ்வு இல்லை என்று பிறகு முடிவு வந்தது. பிறவிப் பழுதோடு வரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது புதிதாகத் தோன்றியதுதான். அப்படிப் புதிதாகத் தோன்றுபவை பெரும்பாலும் தந்தை வழி நகலிலேயே நேர்கின்றன என்பதும் தெரிந்த செய்தி. பாட்டிக்குப் பதிலடியாக அதைச் சொல்லிவிட நாக்கு துடித்தது உண்மை. சொல்லியிருந்தால் பழி இடம் மாறியிருக்குமே ஒழிய நீங்கியிருக்காது. யாருடைய செயலாலும் நேராத நகலெடுப்புப் பிழை என்று மட்டும் சொன்னேன். இப்போதெல்லாம் வரைபடம் போடும்போது தாயும் தந்தையும் மட்டுமே அறையில் இருப்பார்கள்.

எல்லாக் குழந்தைகளும் இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. ஆர்பி1 இரண்டும் நன்றாக இருந்தும், மிக்-என் என்ற தூண்டும் மரபணு பல மடங்கு பெருகியதால் கட்டி வந்த கைக்குழந்தைகள் சிலரும் உண்டு. பிறவிப் பழுது உள்ளவர்கள் கண் குணமான பிறகும் எலும்புப் புற்றுக்காகக் கவனிக்கப்பட வேண்டியவர்கள். கதிர்வீச்சு அந்த ஆபத்தை மேலும் கூட்டும்.

லாரி ஓட்டுநருக்கு அடுத்த ஆண்டு இரண்டாவது குழந்தை பிறந்தது. பெற்றோரின் இரத்தத்தில் எதுவும் தெரியாவிட்டாலும் அவர்களுடைய கருச்செல்களில் சிலவற்றில் மட்டும் பழுது மறைந்திருக்கக்கூடும் என்பதால், அந்தக் குழந்தையின் இரத்தத்தையும் சோதித்தோம். பிறழ்வு இல்லை. மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் கண் பரிசோதனைக்காகப் பதிவேட்டில் குறித்துவைத்திருந்த தேதிகளை வரிசையாக அடித்தபோது, அவர் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு கோட்டையும் எண்ணிக்கொண்டிருந்தார்.