மெகாவாட் இருக்கு, ரூபாய் எங்கே?

காலையிலேயே வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிடிஎஃப் வந்து விழும், ஒரு நிறுவனம் பங்குச்சந்தைக்குத் தந்த அறிவிப்பு. '100 மெகாவாட் காற்றாலை ஆர்டர்.' கொடுத்தவர்: முன்னணித் தனியார் நிறுவனம். தொகை: ரகசியம். 9.15-க்குச் சந்தை திறக்கும்போதே ஆர்டர் கிடைத்த நிறுவனத்தின் பங்கு 8 சதவீதம் மேலே நிற்கும். முப்பந்தல் காற்றாடிகளைப் பார்த்தே வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு மெகாவாட் என்றாலே ஒரு நம்பிக்கை. ஆனால் முட்டத்து ஏலத்தில் மீனைப் பார்க்காமல் யாராவது விலை கேட்பார்களா?

பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் எல்ஓடிஆர் (பட்டியலிட்ட நிறுவனங்கள் எதையெல்லாம் வெளியிட வேண்டும் என்கிற விதிகள்) விதி 30-ன்படி வரும் ஆர்டர் அறிவிப்பில் கொடுத்தவர் பெயர், முடிக்க வேண்டிய காலம், புரமோட்டர்களுக்கு (நிறுவனத்தை நடத்தும் முதலாளிகளுக்கு) அதில் தொடர்பு உண்டா என்பதெல்லாம் இருக்க வேண்டும். கூடவே தோராயத் தொகை 'அல்லது அளவு'. அந்த 'அல்லது'வில்தான் ஆட்டமே. மெகாவாட்டை எழுதினாலும் கட்டம் நிரம்பிவிடும். விற்றுமுதலில் 2 சதவீதம், நிகர மதிப்பில் 2 சதவீதம், மூன்றாண்டு சராசரி லாபத்தில் 5 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதுதான் 2023 முதல் ஓர் ஆர்டர் முக்கியமானதா என்பதற்கான எல்லை. அதற்குக் கீழே உள்ள பொடி ஆர்டரையும் விருப்பப்பட்டு அறிவிக்கலாம். பலர் அறிவிக்கிறார்கள்.

எல்லாமே பித்தலாட்டம் என்று சொல்லிவிட முடியாது. விலையை வெளியே சொல்லக்கூடாது என்று வாங்குபவரே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவதுண்டு.

தொகையை நாமே கணக்குப் போடலாம். அதே நிறுவனத்தின் பழைய அறிவிப்புகளில் அளவும் தொகையும் சேர்ந்து வந்த ஒன்றைத் தேடுங்கள். 50 மெகாவாட் 300 கோடி என்று வைத்துக்கொண்டால், மெகாவாட்டுக்கு 6 கோடி. புதிய 100 மெகாவாட் 600 கோடி. நிகர லாபம் 8 சதவீதம் என்றால் 48 கோடி, அதுவும் 18 மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. நிறுவனத்தின் சந்தை மதிப்பு 10,000 கோடி என்றால், அன்று காலை ஏறிய 8 சதவீதம் 800 கோடி. 48 கோடி லாபத்துக்கு 800 கோடி! ஆர்டர் வரும் என்று நினைத்து முன்பே வாங்கி வைத்தவர், அந்த விலையில் நம் தலையில் கட்டிவிட்டுப் போவார்.

இந்தக் கணக்கு பெரும்பாலும் பிசகுவது ஒரு இடத்தில். பழைய ஆர்டர் நிலம், அடித்தளம், நிறுவுதல் எல்லாம் சேர்ந்ததாக இருக்கலாம். புதியது வெறும் இயந்திர சப்ளையாக இருக்கலாம். மெகாவாட் ஒன்றுதான், ரூபாய் வேறு. பிடிஎஃப்பில் வேலையின் தன்மை என்ற வரியை முதலில் படியுங்கள்.

எம்ஓயூ, அதாவது புரிந்துணர்வு ஒப்பந்தம், ஆர்டர் அல்ல. எல்ஒன் என்பதும் ஆர்டர் அல்ல. டெண்டரில் குறைந்த விலை சொன்னவர் என்று மட்டும்தான் அர்த்தம்.

அன்றைக்கே பங்கை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், கிடைக்கிற விலைக்கு வாங்கும் மார்க்கெட் ஆர்டர் போடாதீர்கள், இதற்கு மேல் தரமாட்டேன் என்று விலை குறிக்கும் லிமிட் போடுங்கள். 5 சதவீத சர்க்யூட் (ஒரு நாளில் அதற்கு மேல் ஏறவோ இறங்கவோ விடாத வரம்பு) உள்ள சின்னப் பங்கில் ஏறும்போது வாங்கக் கிடைக்காது, இறங்கும்போது விற்கவும் முடியாது. மாலையில் என்எஸ்இ தளத்தில் டெலிவரி சதவீதம் பாருங்கள், அதாவது அன்று வர்த்தகமானதில் அன்றே விற்றுத் தீர்க்காமல் உண்மையில் கைமாறிய பங்கு எவ்வளவு என்று. வழக்கத்தைவிட வெகுவாகக் குறைந்திருந்தால் அது பெரும்பாலும் ஒருநாள் கூத்து.

மறைத்த தொகை காலாண்டு முடிவில் ஓரளவு வெளியே வந்துவிடும். இப்போதைய ஆர்டர் புக்கிலிருந்து (கையில் உள்ள, இன்னும் முடிக்காத ஆர்டர்களின் மொத்த மதிப்பிலிருந்து) போன காலாண்டு ஆர்டர் புக்கைக் கழித்து, இடையில் முடித்த வேலையின் மதிப்பைக் கூட்டுங்கள். வருவது அந்தக் காலாண்டில் வந்த மொத்த ஆர்டர். அதில் தொகை சொன்ன ஆர்டர்களைக் கழித்தால், மிச்சம் ஏறக்குறைய அந்த 'ரகசியம்'.