மரம் பருக்கும் வரை தவணை இல்லை

மெக்சிகோவின் மிச்சோவாகான் மாநிலத்தில் பைன் மரங்களிலிருந்து பிசின் எடுக்கும் புரேபெச்சா பழங்குடிக் குடும்பங்களின் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, அதற்கு முன் நான் கையாண்டிருந்தவை எல்லாம் கறவை மாட்டுக்கும் தையல் இயந்திரத்துக்கும் கொடுத்த குழுக்கடன்கள்தாம். அவற்றில் பணம் கைக்குப் போன அடுத்த மாதமே தவணை தொடங்கிவிடும். பைன் கன்று அப்படியில்லை. நட்டு ஏறத்தாழ 10 ஆண்டுகள் கழித்தே பிசின் எடுக்கும் அளவுக்குப் பருக்கும். அதுவரை வசூல் பேச்சே எடுக்க முடியாது.

ஈடு கேட்பதற்கும் வழியில்லை. அங்கே காடு ஊரின் பொதுச் சொத்து. 1917ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27ஆவது பிரிவில் வேர்கொண்ட நில உரிமை அது. அடகு வைக்கவோ ஏலம் விடவோ முடியாத காட்டின் மேல் எந்த வங்கி கடன் தரும்? எனவே பின்னாளில் வடியப்போகும் பிசினையே பிணையாகக் கொண்டு, வாங்கும் ஆலையோடு முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொண்டு தரப்படும் கடன்களே இங்கு பொருந்துகின்றன.

இந்தக் கடனில் கன்றின் விலை சிறு பகுதிதான். குழி வெட்டவும், களை எடுக்கவும், தீத்தடுப்புக் கோடு போடவும் அந்தக் குடும்பத்தாருக்கே கூலி தருவதில்தான் அதன் உயிர் இருக்கிறது என்பது என் கருத்து. அந்தக் கூலி இல்லையென்றால் நிலம் அவகாடோ தோட்டக்காரருக்குக் குத்தகைக்குப் போய்விடும். 1997இல் மெக்சிகோ அவகாடோவுக்கு அமெரிக்கச் சந்தை திறந்த பிறகு, மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கும் அந்த மரத்தோடு பைன் போட்டியிடுவது எளிதல்ல.

வளர்ந்த காட்டில் வேலை நடப்பதைப் பார்க்கவும் வாய்ப்புக் கிடைத்தது. பட்டையைச் சீவி, தகரப் பட்டை ஒன்றைச் செருகி, அதன் கீழே சிறு கிண்ணம் பொருத்துகிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை போலப் பழைய வெட்டுக்குச் சற்று மேலே சிறு கோடரியால் புதிதாகச் சீவினால், வெண்மையான பிசின் கெட்டியாக வடிகிறது. வெட்டு ஆழமாகிவிட்டால் மரம் வலுவிழந்து காற்றுக்கு முறியும். பீப்பாய்களில் ஆலைக்குப் போகும் பிசினைக் காய்ச்சி வடித்தால் டர்பன்டைனும், பசைக்கும் அச்சு மைக்கும் பயன்படும் ரோசினும் கிடைக்கின்றன. (வயலின் வில்லில் தேய்க்கும் கட்டியும் இதே ரோசின்தான்.)

எல்லாவற்றையும் கடன் மீட்டுவிடும் என்று சொல்ல மாட்டேன். அதே மாநிலத்தின் புரேபெச்சா ஊரான செரானில் 2011 ஏப்ரல் 15 அன்று பெண்கள் முன்னின்று மரக்கடத்தல் லாரிகளை மறித்தார்கள். அதன் பின் ஊரே காவல் ஏற்று, நாற்றங்காலும் அமைத்தது. காவல் இல்லாத காட்டில் கன்று நடக் கடன் கொடுப்பது வீண்.

இன்னொரு சிக்கல், தந்தை கையெழுத்திடும் கடனைப் பெரும்பாலும் பிள்ளைகளே பிசின் எடுத்து அடைக்க வேண்டியிருப்பது. இளைஞர்கள் பலர் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போகும் மாநிலம் அது. ஆகவே 10 ஆண்டுகளுக்குப் பின் ஊரில் கோடரி பிடிக்கப்போவது யார் என்பதையும் விண்ணப்பத்தில் கேட்கத் தொடங்கினோம். பதில் தெளிவில்லாத இடங்களில் நடும் பரப்பைக் குறைத்தே ஒப்புதல் தந்தோம்.