மாம்பழக் கையும் 312-ம்: வீட்டில் சுகர் பார்க்கப் பழகிய மூன்று மாதம்

சுகர் பார்க்கும் மெஷின் வாங்குவது அரை மணி நேர வேலை. அது காட்டுகிற எண்ணை நம்பலாம் என்ற இடத்துக்கு வர எங்கள் வீட்டில் மூன்று மாதம் ஆனது. வீணாய்ப் போன ஸ்ட்ரிப் (மெஷினில் செருகி ரத்தத் துளியைத் தொட்டுப் பார்க்கும் பட்டை) நாற்பதுக்குக் குறையாது. அம்மாவுக்கு டைப் 2 சர்க்கரை நோய். மாத்திரைகள் மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு, சாப்பாட்டோடு வோக்லிபோஸ். "வீட்டிலேயே பார்த்து எழுதிக்கிட்டு வாங்கம்மா" என்று டாக்டர் ஒரு வரியில் முடித்துவிட்டார். மிச்சத்தையெல்லாம் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

முதல் அடி மெடிக்கல் ஷாப்பில். மெஷின் மலிவாக இருக்கும், சில சமயம் சும்மாகூடக் கொடுப்பார்கள். காசு கரைவது ஸ்ட்ரிப்பில். அதனால் கடையில் முதலில் கேட்க வேண்டியது ஒரு ஸ்ட்ரிப் என்ன விலை, நம் தெருக்கடையில் எப்போதும் ஸ்டாக் இருக்குமா என்பதுதான். ஒரு கம்பெனி ஸ்ட்ரிப் இன்னொரு கம்பெனி மெஷினில் ஓடாது. ஒரே கம்பெனியில்கூட மாடல் மாறினால் ஸ்ட்ரிப் மாறலாம். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று கவுண்டரில் இருந்த பையன் கொடுத்த டப்பாவை வீட்டுக்கு வந்து பிரித்தால், ஸ்ட்ரிப் உள்ளேயே போகவில்லை. பிரித்ததைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். இப்போதெல்லாம் மெஷினையே கையில் எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன்.

அடுத்தது, ஆஃபரில் கிடைத்த 50 ஸ்ட்ரிப் டப்பா. ஸ்ட்ரிப்புக்குக் காலாவதி இரண்டு உண்டு. ஒன்று டப்பாவில் அச்சடித்த தேதி. இன்னொன்று, மூடியைத் திறந்த நாளிலிருந்து எண்ண வேண்டியது: பல கம்பெனிகளில் மூன்று மாதம், சிலவற்றில் ஆறு மாதம். உள்ளே வரும் தாளில் பொடி எழுத்தில் இருக்கும். வாரத்துக்கு இரண்டு முறை பார்க்கிறவருக்கு 50 ஸ்ட்ரிப் தீர 25 வாரம் ஆகும், அதாவது கிட்டத்தட்ட ஆறு மாதம். பாதி டப்பா குப்பைக்குத்தான். குறைவாகப் பார்க்கிறவர்கள் 25 ஸ்ட்ரிப் டப்பா வாங்குங்கள். திறந்த அன்றே டப்பா மேல் மார்க்கர் பேனாவால் தேதி எழுதிவிடுங்கள்.

எங்கே வைப்பது என்பதில் இன்னும் பெரிய கூத்து. எல்லார் வீட்டிலும் மருந்து டப்பாவுக்கு இடம் ஃபிரிட்ஜ் தலைமேல்தான். அங்கே எப்போதும் சூடு. அடுப்படி அலமாரியில் ஆவி. பெரும்பாலான ஸ்ட்ரிப்புக்கு 30 டிகிரிதான் மேல் எல்லை. சித்திரை வெயிலில் நம் வீட்டு ஹாலே அதைத் தாண்டிவிடும். "அப்போ ஃபிரிட்ஜுக்குள்ளேயே வைப்போம்" என்று கிளம்பாதீர்கள். வெளியே எடுத்துத் திறந்ததும் ஈரம் கோத்துக்கொள்ளும், ஸ்ட்ரிப்பில் இருக்கிற என்சைமுக்கு ஈரம்தான் எமன். வெயில் படாத உள் அறையில், பீரோவின் கீழ்த்தட்டில் வைத்த பிறகு எங்களுக்குப் பிரச்சினை இல்லை. டப்பாவிலேயே ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்திருக்கிறார்கள், அதனால் ஸ்ட்ரிப்பை வேறு டப்பாவுக்கு மாற்றக் கூடாது. ஒன்றை எடுத்த கையோடு டக்கென்று சத்தம் கேட்கிற மாதிரி மூடிவிட வேண்டும். அம்மா விரலைக் குத்தி முடிக்கிற வரை டப்பா வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். அந்தப் பழக்கத்தை மாற்றத்தான் ரொம்ப நாளாயிற்று.

இனி தலைப்பில் இருக்கும் 312. மே மாதம், பகல் பதினொரு மணி. காலையில் மூன்று இட்லி சாப்பிட்டவருக்கு 312. வீடே கலவரம். யாரோ "ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்கிறார்கள், யாரோ இட்லியைத் திட்டுகிறார்கள். அப்புறம்தான் அம்மா சொன்னார், பேரனுக்குப் பங்கனப்பள்ளி நறுக்கிக் கொடுத்தாராம். கையை முந்தானையில் துடைத்ததோடு சரி. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, வேறு விரலில் பார்த்தால் 146. மெஷின் எடுத்துக்கொள்ளும் ரத்தம் ஒரு மைக்ரோலிட்டர், சிலவற்றில் அதற்கும் குறைவு. அவ்வளவு சின்னத் துளியில் விரல் மேல் ஒட்டிய பழச்சாறு கண்ணுக்குத் தெரியாத அளவு கலந்தாலே எண் எங்கேயோ போய்விடும்.

சானிடைசர் சர்க்கரைப் பிசுக்கை எடுக்காது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் முழுக்கக் காய வேண்டும், ஈரம் இருந்தால் ரத்தத்தில் கலந்து கணக்கைக் கெடுக்கும். சோப்பும் தண்ணீரும் போதும்; கழுவிக் காய்ந்த விரலென்றால் முதல் துளியே சரி. பஸ்ஸிலோ கல்யாண வீட்டிலோ கழுவ வழியில்லை என்றால், முதல் துளியைப் பஞ்சில் துடைத்துவிட்டு இரண்டாவது துளியை எடுங்கள்.

குத்துவது பற்றி நான்கு வரி. விரல் நுனியின் நடுவில் குத்தினால்தான் வலி. பக்கவாட்டில் குத்துங்கள், மோதிர விரலும் நடுவிரலும் தோது. குத்தும் பேனாவில் ஆழம் மாற்றும் எண் இருக்கும், குறைந்ததிலிருந்து தொடங்கி, துளி வரும் எண்ணில் நிறுத்துங்கள். ரத்தம் வராவிட்டால் நுனியைப் பிழியாதீர்கள், திசுநீர் கலந்து எண் பிசகும். வெதுவெதுப்பான தண்ணீரில் கை கழுவி, கையை ஒரு நிமிடம் தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து விரல் பக்கமாக நீவிவிட்டால் துளி தானாக எழும்பும். ஸ்ட்ரிப் முனையைத் துளியில் தொட்டால் போதும், அதுவே உறிஞ்சிக்கொள்ளும். மேலே தடவினால் எர்ரர். ரத்தம் பற்றவில்லை என்று இன்னொரு சொட்டு சேர்த்தால் பல மெஷின்களில் ஸ்ட்ரிப் போச்சு.

எங்களை அதிகம் அலைய வைத்தது லேப் ஒப்பீடு. "மெஷின் சரியா இருக்கான்னு லேப்ல பார்த்துக்கோங்க" என்பார்கள். எப்படி என்று சொல்ல மாட்டார்கள். முதல் தடவை டிபன் சாப்பிட்ட பிறகு லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு, அங்கேயே விரலிலும் பார்த்தோம். மெஷின் 214, லேப் 171. "உங்க மெஷின் வேஸ்ட் சார், தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க" என்றார் ரிப்போர்ட் கொடுத்தவர். அவர் பேச்சைக் கேட்டு விலை விசாரித்துவிட்டுக்கூட வந்தேன்.

தப்பு எங்கள் மேல். சாப்பிட்ட பிறகு விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாகவும், உடம்பு எடுத்துக்கொண்டது போக சிரை வழியே (லேபில் ஊசி போடும் ரத்தக்குழாய்) திரும்பும் ரத்தத்தில் குறைவாகவும் இருக்கும். அது இயற்கை. ஒப்பிட வேண்டுமென்றால் வெறும் வயிற்றில்தான். லேபில் ஊசி போட்டு ரத்தம் எடுத்த ஐந்து நிமிடத்துக்குள், கழுவிய விரலில் புதிதாகக் குத்திப் பார்க்க வேண்டும். குழாயில் இருக்கும் ரத்தத்தில் ஒரு சொட்டு வாங்கி ஸ்ட்ரிப்பில் வைக்கக் கூடாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: எடுத்த ரத்தத்தைப் பிரிக்காமல் மேஜையில் போட்டு வைத்தால் அதிலுள்ள செல்களே சர்க்கரையைத் தின்னும், மணிக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல்கூட இறங்கும். சர்க்கரைக்கு என்று சாம்பல் நிற மூடி போட்ட ஃபுளோரைடு குழாய் உண்டு. அதில் எடுக்கிறார்களா என்று ஒரு கண் வைக்கலாம், கேட்டால் முறைப்பார்கள், பரவாயில்லை.

எவ்வளவு வித்தியாசம் வரலாம் என்பதற்கு ஐஎஸ்ஓ 15197 என்ற 2013-ஆம் ஆண்டுத் தரநிலை இருக்கிறது. 100-க்கு மேல் என்றால் லேப் எண்ணிலிருந்து 15 சதவீதம் கூடவோ குறையவோ, 100-க்குக் கீழ் என்றால் 15 புள்ளி கூடவோ குறையவோ. 100 சோதனையில் 95 இதற்குள் வந்தால் மெஷின் தேறியது. அதாவது லேபில் 130 என்றால் மெஷின் 111 காட்டினாலும் சரி, 149 காட்டினாலும் சரி. இது புரிந்த பிறகு அடுத்தடுத்து மூன்று விரலில் குத்தி, 124, 138, 131 என்று பார்த்துப் பதறுகிற பைத்தியக்காரத்தனம் எங்கள் வீட்டில் நின்றது.

வெறும் வயிற்றில் இரண்டாம் தடவை ஒப்பிட்டபோது லேப் 128, மெஷின் 150. எல்லையைக் கொஞ்சம் தாண்டிவிட்டது. கைபேசியில் கஸ்டமர் கேரைப் பிடித்து, கன்ட்ரோல் சொல்யூஷன் அனுப்பச் சொன்னோம். சர்க்கரை அளவு தெரிந்த ஒரு திரவம் அது. ரத்தத்துக்குப் பதில் அதைத் தொட்டால், ஸ்ட்ரிப் டப்பாவில் அச்சடித்திருக்கும் எல்லைக்குள் எண் வர வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் பெரும்பாலும் இருக்காது, பெயரே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். எங்களுக்கு வர பதினொரு நாள். வந்து பார்த்தால் எல்லைக்குள் கச்சிதம். மெஷினும் ஸ்ட்ரிப்பும் நல்லவை!

விடை அம்மாவின் பழைய ரிப்போர்ட்டிலேயே இருந்தது: ஹீமோகுளோபின் 8.9. ரத்தசோகையில் சிவப்பணு குறைவாக இருப்பதால் பல மெஷின்கள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். எந்த ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) அளவு வரை நம்பலாம் என்று ஸ்ட்ரிப் தாளில் போட்டிருப்பார்கள், எங்களுடையதில் 30 முதல் 55 சதவீதம். அம்மாவுக்கு 27. இதை டாக்டரிடம் காட்டியபோதுதான், இரும்புச்சத்துக் குறைவில் மூன்று மாத சராசரியான எச்பிஏ1சி-யும் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று சொல்லி, முதலில் இரும்பு மாத்திரையைத் தொடங்கினார். சுகர் மாத்திரையின் அளவைக் கூட்டவில்லை. நாற்பது ஸ்ட்ரிப் வீணானதற்கு இது ஒன்றே போதும்.

எப்போது பார்ப்பது? "சாப்பிட்டு ரெண்டு மணி நேரம்" என்றால் முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம். கை கழுவி எழுந்ததிலிருந்து எண்ணினால் முக்கால் மணி நேரம் தள்ளிப்போகும், எண் அழகாகத் தெரியும், பொய்யாகவும் இருக்கும். வெறும் வயிறு என்றால் எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் இல்லை. "சர்க்கரை போடாத காபிதானே" என்பதும் செல்லாது, பால் இருக்கிறது. தினமும் காலையில் மட்டும் பார்ப்பதைவிட, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஜோடியாகப் பாருங்கள். இன்று காலை இட்லி, நாலு நாள் கழித்து ராத்திரி சப்பாத்தி என்று மாற்றி மாற்றி. எது எவ்வளவு ஏற்றுகிறது என்பது அந்த ஜோடியில்தான் தெரியும். வெறும் மெட்ஃபார்மினில் கட்டுக்குள் இருப்பவர் தினம் குத்திக்கொள்ளத் தேவையே இருக்காது. இன்சுலினோ கிளிமெபிரைடு மாதிரி மாத்திரையோ எடுப்பவர், சாப்பாடு தள்ளிப்போனாலும் வியர்த்து நடுங்கினாலும் உடனே பார்க்க வேண்டும்.

70-க்குக் கீழ் வந்தால் 15 கிராம் சர்க்கரை, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதனை என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. பலருக்குத் தெரியாதது: வோக்லிபோஸ், அகார்போஸ் எடுப்பவருக்கு வீட்டுச் சர்க்கரை வேலை செய்யத் தாமதமாகும், ஏனென்றால் அது உடைவதைத்தான் அந்த மாத்திரை தடுக்கிறது. மிட்டாயும் அதே கதைதான். குளுக்கோஸ் பவுடர் கையிருப்பில் வேண்டும். பவுடரைக் கலக்கிய கையோடு மறுபடி குத்தினால் மாம்பழக் கதை திரும்பும், விரலைக் கழுவிவிட்டுப் பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள். மெஷினில் எண்ணுக்குப் பதில் "எல்ஓ" வந்தால் பொதுவாக 20-க்கும் கீழ், "எச்ஐ" வந்தால் 600-க்கும் மேல். அதை எர்ரர் என்று நினைத்துத் தூங்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒருவருக்குப் போட்ட ஊசி இன்னொருவருக்குக் கூடாது, "நம்ம வீட்டு ஆளுதானே" என்றாலும் கூடாது. மஞ்சள் காமாலைக் கிருமி வீட்டு ஆளைப் பார்த்து விலகாது. குத்தும் பேனாவும் அவரவருக்குத் தனி. போட்ட ஊசி கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவுக்குள். 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளிலேயே வீட்டு ஊசி அபாயக் கழிவுப் பட்டியலில் இருந்தது, ஆனால் எங்கள் தெருவில் குப்பை எடுக்க வரும் அக்காவிடம் தனியாகக் கொடுத்து, "இதுல ஊசி இருக்குக்கா" என்று வாயால் சொன்னால்தான் அவர் கை தப்பிக்கிறது.

கடைசியாக, பேட்டரி மாற்றினால் மெஷினில் தேதியும் மணியும் கலைந்துவிடும். எங்களுடையதில் காலை எண்ணெல்லாம் இரவு ஏழரைக்கு என்று பதிவாகி, பதினெட்டு நாள் ரீடிங்கை டாக்டர் ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டார். நல்லவேளை, அம்மா காலண்டர் தாளின் பின்பக்கத்தில், என்ன சாப்பிட்டார் என்பதோடு சேர்த்து எழுதி வைத்திருந்தார். டாக்டர் அதைத்தான் ஃபைலில் வைத்துக்கொண்டார்.