சமையல்காரர் இறந்த வாரம்

1986-ஆம் ஆண்டு சென்னையில் ஒரு வார இதழில் உதவி ஆசிரியராகச் சேர்ந்த எனக்கு, தொடர்கதைகளுக்கு வரும் கடிதங்களைப் படித்து, தேறியவற்றைக் கட்டி எழுத்தாளர்களுக்கு அனுப்பும் வேலை தரப்பட்டது. பெரும்பாலும் பதினைந்து பைசா அஞ்சலட்டைகள்தாம். முகவரிப் பக்கத்தின் இடது பாதியையும் விட்டுவைக்காமல், ஓரங்களில் அட்டையைத் திருப்பித் திருப்பிப் படிக்கும்படி நுணுக்கி எழுதியிருப்பார்கள்.

அப்போது எங்கள் இதழில் சிரிப்பும் காதலும் மர்மமும் கலந்த தொடர் ஒன்று வந்துகொண்டிருந்தது. அந்தக் கலவைக்குத் தமிழ் வாசகர்கள் ஏற்கெனவே பழகியிருந்தார்கள். ராஜேந்திரகுமாரின் பாத்திரங்கள் ‘ஙே’ என்று விழிப்பதற்கும், பட்டுக்கோட்டை பிரபாகரின் சுசீலா அணியும் பனியனில் என்ன வாசகம் இருக்கும் என்பதற்கும் காத்திருந்தவர்கள் அவர்கள். எங்கள் தொடரில் உதகமண்டலத்துப் பங்களா ஒன்றுக்கு உரிமை கோரி ஒரு பெண் வருகிறாள். அவளை வேவு பார்க்க வந்த காப்பீட்டு முகவர் அவளிடமே மனத்தைப் பறிகொடுக்கிறார். பங்களாவின் சமையல்காரரோ, மகளின் ஜாதகத்தை மடியில் செருகிக்கொண்டு, விசாரணைக்கு வந்த இன்ஸ்பெக்டர் உட்பட எந்த ஆண்மகன் எதிர்ப்பட்டாலும் நட்சத்திரம் கேட்பார்.

ஒன்பதாம் அத்தியாயத்தில் அவர் சாமான் அறையில் இறந்து கிடந்தார்.

அதுவரை கொலைகாரன் யார் என்று ஊகித்தும், காதலர்களைச் சீக்கிரம் சேர்த்துவைக்கச் சொல்லியும் எழுதிவந்தவர்கள் அந்த வாரம் ஒரே குரலில் கோபித்துக்கொண்டார்கள். தாராபுரத்திலிருந்து ஓர் அம்மையார், “அவரைக் கொன்றுவிட்டு அடுத்த பக்கத்திலேயே அந்த இருவரையும் கொஞ்சிப் பேச விட்டிருக்கிறீர்களே, அன்றைக்கு அவர்களுக்கு யார் சமைத்துப் போட்டது?” என்று கேட்டிருந்தார். கட்டின் கனத்தைப் பார்த்த ஆசிரியருக்குத் தொடர் வெற்றி பெற்றுவிட்டதாக மகிழ்ச்சி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெறும் கொலைக் கதையில் முதல் பக்கத்தில் விழும் பிணத்தை நாம் அறிய மாட்டோம், ஆகவே அழவும் மாட்டோம். ஆனால் எட்டு வாரம் ஒருவரோடு சேர்ந்து சிரித்த வாசகர், இந்தக் கதையில் இவருக்கு ஒன்றும் நேராது என்று எழுத்தாளர் வாக்குக் கொடுத்துவிட்டதாகவே எடுத்துக்கொள்கிறார். கொலை நடந்ததில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை, ஆளை மாற்றிக் கொன்றுவிட்டார் என்பதே வருத்தம்.

வருந்தியும் பயனில்லை. ஓர் அத்தியாயம் கடைக்கு வரும் நாளில் அடுத்தது அச்சாகியிருக்கும், அதற்கும் அடுத்தது அச்சுக்கோப்பவர் கையில் இருக்கும். அந்த அவசரத்தில் நானும் ஒரு பிழை செய்தேன். வெளிவராத அத்தியாயத்தின் கையெழுத்துப் பிரதியைப் படித்த மயக்கத்தில், முன்கதைச் சுருக்கத்தில் “பங்களாவில் ஒளிந்திருக்கும் சித்தப்பா” என்று எழுதிவிட்டேன். கதைப்படி சித்தப்பா இறந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. வாசகர்கள் முன்கதைச் சுருக்கத்தைப் படிப்பதில்லை என்று அலுவலகத்தில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். அந்த நம்பிக்கையைக் குலைக்கப் பதினோரு அஞ்சலட்டைகள் வந்தன.

எழுத்தாளர் இரண்டையும் சமாளித்தார். பதின்மூன்றாம் அத்தியாயத்தில் சமையல்காரரின் மளிகைக் கணக்கு நோட்டு அகப்பட்டது. அரைப்படி உளுந்துக்கும் பெருங்காயத்துக்கும் நடுவே, பகையாளி வீட்டுப் பையன்களின் நட்சத்திரமும், இரவில் யாருக்கோ கூடுதலாக வடித்த சோற்றின் கணக்கும் குறிக்கப்பட்டிருந்தன. சித்தப்பா அந்தச் சோற்றால் பிடிபட்டார். இறந்தவரை மீண்டும் பேசவைத்ததில் கோபம் தணிந்தது. “நோட்டில் அவர் குரல் கேட்டது” என்று ஒரு மாணவர் எழுதியதை நான் தனியே எடுத்துவைத்திருந்தேன்.

தொடர் கல்யாணத்தில் முடிந்தது. வந்த வாழ்த்துகள் குறைவு. பலர் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்வதற்காக, விடுபட்ட இதழ்களைக் கேட்டிருந்தார்கள். கடைசியாகத் தாராபுரத்து அம்மையாரின் அட்டை வந்தது: “எல்லாம் சரி, அந்தப் பெண்ணின் ஜாதகம் இப்போது யாரிடம் இருக்கிறது?” அதை எழுத்தாளரிடம் நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, “எந்தப் பெண்ணைக் கேட்கிறார் சார்?” என்றார்.